விண்ட்சர் கோட்டையில் ஒரு தொழிலாளர் வக்கீல்

ஏலப்பாறை, பீர்மேடு, வண்டிப்பெரியாறு மலைகளில் தேயிலை பயிரானதே சீமைக்காரர்களின் கோப்பைக்காகத்தான். கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி ஏறி வந்த தமிழர்கள் கொழுந்து கிள்ளினார்கள். இலை பெட்டியில் அடைந்து கப்பலேறியது. லண்டனில் தேயிலை ஏலம் 1998 வரை நடந்தது.

இலை போன திசையில், தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய ஒருவரும் போனார். அவர் போனது விருந்தாளியாக. 1990 ஏப்ரலில் விண்ட்சர் கோட்டையில் இரண்டாம் எலிசபெத் ராணியார் அளித்த அரசு விருந்தின் பிரதம விருந்தினர், இந்திய ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன்.

தஞ்சை ஜில்லா பட்டுக்கோட்டையை அடுத்த ராஜாமடத்தில் 1910-ல் பிறந்தவர் அவர். சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலானார். 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் அவரை இரண்டு வருஷம் சிறையில் வைத்தது. வெளியே வந்தவர் தொழிலாளர் பக்கம் நின்றார். தோட்டத் தொழிலாளர், தோட்ட அலுவலர், துறைமுகத் தொழிலாளர், ரயில்வே ஊழியர் என்று பல சங்கங்களுக்குத் தலைவராக இருந்தார். தொழிலாளர் சட்டத்துக்கென்றே 1949-ல் ஒரு சட்டப் பத்திரிகையைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் நிறைவேறியபோது தற்காலிக நாடாளுமன்றத்தில் அவரும் ஓர் உறுப்பினர். லயத்து வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளை மடுவம் எல்லாம் முதலாளியின் தயவு என்ற நிலையை மாற்றிக் கடமை என்று ஆக்கியது அந்தச் சட்டம். மழைக்குக் குடையும் கம்பளியும் கொடுக்கச் சொல்லி விதி செய்யலாம் என்றுகூட அதில் ஒரு பிரிவு இருந்தது. பீர்மேட்டு ஆடி மழையை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தம்மைச் சிறையில் வைத்த சாம்ராஜ்யத்தின் மன்னர் ஆறாம் ஜார்ஜ். அவருடைய மகள்தான் நாற்பத்தெட்டு வருஷம் கழித்து வெங்கட்ராமனைத் தமக்குப் பக்கத்தில் உட்கார வைத்து விருந்து படைத்தவர்.

எந்த வெளிநாட்டுத் தலைவர் போனாலும் இப்படி நடப்பதில்லை. 'அரசு முறைப் பயணம்' என்பது நாட்டின் தலைவருக்கு, நாட்டின் தலைவர் அளிக்கும் மரியாதை. இந்தியாவுக்கு அது ஜனாதிபதிதான். 2015-ல் பிரதமர் மோடிக்கு ராணியார் பக்கிங்காம் அரண்மனையில் மதிய உணவு அளித்தார். ஆனால் அது இந்தக் கணக்கில் சேராது. அரசு முறை விருந்தாளி அரண்மனையிலேயே தங்குவார். குதிரைகள் பூட்டிய சாரட்டில் ஊர்வலம், ராணுவ அணிவகுப்பு, பீரங்கி முழக்கம் எல்லாம் உண்டு. லண்டன் ராஜ பூங்காவில் முழங்கினால் 41 குண்டு: அரச மரியாதைக்கு 21, ராஜ பூங்கா என்பதற்காக இன்னும் 20!

அழைப்பு போவது முடியின் பெயரில். யாரை அழைப்பது என்று யோசனை சொல்வது அரசாங்கம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ராணியார் சிரித்துக் கை குலுக்கியாக வேண்டியிருந்தது. 1978-ல் ருமேனிய சர்வாதிகாரி செளசெஸ்குவும் அப்படித்தான் பக்கிங்காமில் தங்கிப் போனார். அவருக்குக் கொடுத்த கௌரவப் பட்டத்தை 1989-ல் அவர் வீழ்ந்தபோது பறித்துக் கொண்டார்கள்.

எழுபது வருஷ ஆட்சியில் ராணியார் நூற்றுக்கும் மேற்பட்ட அரசு விருந்தாளிகளை வரவேற்றார். 1954-ல் ஸ்வீடன் மன்னர் தொடங்கி 2019-ல் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் வரை நீண்ட வரிசை அது. அதில் இந்திய ஜனாதிபதிகள் மூவர். முதல்வர் 1963 ஜூனில் போன டாக்டர் ராதாகிருஷ்ணன், திருத்தணியில் பிறந்தவர். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் ராணியார் இந்தியா வந்து சென்னையையும் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஆக்ஸ்போர்டில் முன்பே பேராசிரியராக இருந்த ராதாகிருஷ்ணனுக்கு இங்கிலாந்து புதிய ஊர் அல்ல. 'ஆர்டர் ஆஃப் மெரிட்' என்ற உயர்ந்த கௌரவத்தை ராணியார் அவருக்கு அளித்தார்.

விண்ட்சரில் விருந்து நடப்பது செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில். 180 அடி நீளமுள்ள அந்த மண்டபத்தில் ஒரே நீள மேஜையில் சுமார் 160 பேர் உட்காரலாம். மேஜை போட்டு அலங்கரிக்கவே நாள் கணக்கில் ஆகும். தட்டுக்கும் நாற்காலிக்கும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு கண்ணாடிக் கோப்பைகள். விருந்துக்கு முன் ராணியாரே ஒரு சுற்று வந்து மேஜையைப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் வீட்டுக்காரர் இலையை ஒரு தடவை பார்த்து வருவாரே, அது போல.

வெங்கட்ராமன் விருந்துண்ட இரண்டாவது வருஷம், 1992 நவம்பர் 20-ந் தேதி, அந்த மண்டபம் தீப்பற்றி எரிந்தது. பச்சை ஓக் மரத்தால் புதுக் கூரை போட்டு 1997-ல் திருப்பிக் கட்டி முடித்தார்கள். மூன்றாவது இந்திய விருந்தாளியாக ஜனாதிபதி பிரதிபா பாட்டீல் 2009 அக்டோபரில் விண்ட்சருக்குப் போனார். ராஜாமடத்து வக்கீல் அதே வருஷம் ஜனவரி 27-ந் தேதி புது டில்லியில், தமது 98-வது வயதில் காலமாகியிருந்தார்.