உங்களுக்குத் தெரியுமா? பிளஸ், மைனஸ் மாறினாலும் ஓடும் லேன்!

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்விட்ச் சிப்பில், ஒரு லேனின் (தரவு செல்லும் தடத்தின்) பிளஸ் பின்னையும் மைனஸ் பின்னையும் போர்டில் மாற்றி இணைத்துவிட்டாலும் அது வேலை செய்யும். ரிசீவரே அதைக் கண்டுபிடித்து, வரும் பிட்களைத் தலைகீழாக்கிப் படித்துக்கொள்ளும்!

● எப்படித் தெரிகிறது? இணைப்பு உயிர்பெறும்போது இரு முனைகளும் பயிற்சிக் குறியீடுகளை அனுப்பிக்கொள்கின்றன. முதல் தலைமுறை வேகத்தில் டி10.2 என்ற குறியீடு வர வேண்டிய இடத்தில் அதன் தலைகீழான டி21.5 வந்தால், கம்பி மாறியிருக்கிறது என்று பொருள். இந்தத் திறன் எல்லா ரிசீவருக்கும் கட்டாயம். போர்டு வரைபவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! ஜோடிக் கம்பிகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே கடத்த வேண்டியதே இல்லை.

● சிப் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் 'ஸ்ட்ராப்' பின்களை ரீசெட் முடியும் தறுவாயில்தான் சிப் படிக்கும். கடுகைவிடச் சிறிய ரெசிஸ்டர் அந்தப் பின்னை மேலே இழுத்தால் 1, கீழே இழுத்தால் 0. பல சிப்களில் 16 லேன்களை ஒரே போர்ட்டாக வைப்பதா, நான்கு நான்காகப் பிரிப்பதா என்பதை இதுவே சொல்கிறது. பிறகு அந்தப் பின்னில் எது மாறினாலும் அடுத்த ரீசெட் வரை சிப் கண்டுகொள்ளாது. சில சிப்களில் அதே பின் அதன்பின் வேறு வேலைக்குப் போய்விடும்.

● கார்டு ஸ்லாட்டில் ரீசெட் சிக்னல் 0-வில் இருந்தால்தான் ரீசெட். மின்சாரம் நிலைப்பட்ட பிறகும் குறைந்தது 100 மில்லி செகண்ட் அது அப்படியே இருக்க வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் சீராவதும் அதற்குள்தான்.