பெருங்காயத்திலும் கோதுமை உண்டு!

கோதுமை ஒவ்வாத குழந்தைக்குச் சப்பாத்தியையும் ரொட்டியையும் நிறுத்தியாகிவிட்டது. சோறும் சாம்பாரும்தான் கொடுக்கிறோம். ஆயினும் உடம்பில் தடிப்பு நிற்கவில்லையே என்று கவலைப்படும் தாய்மார்கள், சமையலறை அலமாரியைச் சற்று ஆராய வேண்டும்.

கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினுடன் கோதுமை மாவோ மைதாவோ பெரும்பாலும் கலந்திருக்கும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. சாம்பாரில் விழுவது ஒரு சிட்டிகைதான். ஆனால் ஒவ்வாமை கடுமையாக உள்ள குழந்தைக்கு அதுவே போதும்.

பெங்களூர்வாசிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இட்லிதானே என்று ஓட்டலில் ரவா இட்லியை ஊட்டிவிடக் கூடாது. ரவையும் சேமியாவும் கோதுமையின் பிள்ளைகளே. இங்கு எளிதில் கிடைக்கும் ராகி நல்ல மாற்று உணவு; சுண்ணாம்புச் சத்தும் மிகுந்தது. ஆனால் மில்லில் கோதுமை அரைத்த கையோடு ராகியை அரைத்தால், மிச்ச மாவு அதில் கலந்துவிடும்.

பொட்டலங்களில் கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, சோயா முதலியவை இருப்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. வாங்கும்போதெல்லாம் படித்துப் பாருங்கள். உதிரியாக விற்கும் மாவில் இந்த வசதி இல்லை.

டாக்டரைக் கேளாமல் ஒவ்வோர் உணவாக நிறுத்துவதும் தவறு. குழந்தையின் வளர்ச்சி குன்றும். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ, கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

“ஒரு வாய்தானே!” என்று ஊட்ட வரும் உறவினரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்கள் அன்பில் குறையில்லை. விஷயம் தெரியாததே குறை.