குலை பழுத்துவிட்டதா? தரையைப் பாருங்கள்!

செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்லும் லாரியைப் பார்க்காத மாணவர் நம் நாட்டில் இருக்க முடியாது. அந்த லாரியில் உள்ள ஒவ்வொரு குலையையும், "இதை இன்று வெட்டலாம்" என்று யாரோ ஒருவர் மரத்தடியில் நின்று முடிவு செய்திருக்கிறார். அது எளிதான வேலையன்று. 20 வயதைத் தாண்டிய செம்பனை 10 மீட்டருக்கும் மேல் வளர்ந்திருக்கும். குலையோ மட்டைகளின் இடுக்கில் மறைந்திருக்கும். மாம்பழத்தைப்போல் தொட்டுப் பார்க்க முடியாது. முகர்ந்து பார்க்கவும் முடியாது.

அப்படியானால் குலை பழுத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அண்ணாந்து பார்ப்பதற்கு முன் அவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். அங்கே உதிர்ந்து கிடக்கும் பழங்களே மரம் அனுப்பும் செய்தி. அந்தச் செய்திக்குப் பின்னால் உள்ள அறிவியலை இந்த வாரம் பார்ப்போம்.

வாழைக்குச் சரி, செம்பனைக்குச் சரியில்லை

வாழைத்தாரைக் காயாகவே வெட்டி, பிறகு பழுக்க வைக்கலாம். இனிப்பாக மாற வேண்டிய மாவுச்சத்து வெட்டும்போதே காயில் சேர்ந்திருக்கும். எத்திலீன் என்னும் வாயு அதைப் பழுக்கத் தூண்டினால் போதும்.

செம்பனையின் கதை வேறு. நமக்கு வேண்டியது இனிப்பு அன்று, எண்ணெய். இலைகள் ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கும் சர்க்கரை பழத்துக்கு வந்து சேர, அங்கே அது எண்ணெயாக மாறுகிறது. குலையை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். அதன் பிறகு எத்தனை நாள் வைத்திருந்தாலும் எண்ணெய் கூடாது.

இந்த எண்ணெய் சேரும் காலம் மிகவும் குறுகியது. மகரந்தச் சேர்க்கை முடிந்து பழம் முதிர ஏறத்தாழ 5 முதல் 6 மாதங்கள் ஆகும். முதலில், ஏறக்குறைய 12-ஆம் வாரத்தில், உள்ளே இருக்கும் பருப்பில் எண்ணெய் சேரத் தொடங்கும். வெளிச் சதைப்பகுதியில் ஏறக்குறைய 15 அல்லது 16-ஆம் வாரத்தில்தான் அது தொடங்கும். எனவே, சதையில் உள்ள எண்ணெயின் பெரும்பகுதி கடைசிச் சில வாரங்களில் சேர்வதுதான். முழுதாகப் பழுத்த சதையின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய்! சில வாரங்கள் அவசரப்பட்டால் எவ்வளவு போய்விடும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நிறம் மட்டும் போதுமா?

நம் நாட்டில் பரவலாக உள்ள செம்பனை வகையில் காய் கருஊதா நிறத்தில் இருக்கும். பழுக்கும்போது கரோட்டின் என்னும் நிறமி சேர்ந்து, செந்நிற ஆரஞ்சாக மாறும். கேரட்டுக்கு நிறம் தருவதும் கரோட்டின்தான்.

ஆனால், நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். மட்டையின் நிழலில் இருக்கும் பக்கம் அதே அளவு நிறம் மாறாது. காய் கருமையாகவும் பழத்தின் நுனி இன்னும் கருமை மாறாமலும் இருந்தால், தரையில் நிற்பவருக்கு வேறுபாடு சரியாகத் தெரியாது. பச்சையிலிருந்து ஆரஞ்சாக மாறும் இன்னொரு வகையும் உண்டு. அதில் மாற்றம் பளிச்சென்று தெரியும். இந்த நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுவை மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் 2014-இல் அறிவித்தார்கள். பழுத்த குலையை எளிதில் அடையாளம் காட்டும் மரங்களைத் தேர்ந்து வளர்க்க இது உதவும்.

பழம் ஏன் உதிர்கிறது?

பழம் காம்போடு சேரும் இடத்தில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. அதை உதிர்வு மண்டலம் என்கிறோம். அங்குள்ள செல்களைப் பசைபோல் ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். பழம் முதிரும்போது எத்திலீன் சுரக்கிறது. அது உதிர்வு மண்டலத்தை எட்டியதும், பெக்டினைக் கரைக்கும் நொதிகள், அதாவது என்சைம்கள், வேலையைத் தொடங்குகின்றன. பசை இளகியதும் பழம் தன் எடையாலேயே கழன்று விழுகிறது.

ஆகவே, உதிர்ந்த பழம் தற்செயலாக விழுந்ததன்று. அந்தப் பழம் முதிர்ந்துவிட்டது என்பதற்கு மரமே தரும் சான்று அது. எண்ணெய் மிகுந்திருப்பதும் இந்த உதிரிப் பழங்களில்தான். தோட்டங்களில் நம் பாட்டிமார் குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியது வீண் வேலையன்று!

காத்திருந்தால் என்ன நட்டம்?

"அப்படியென்றால் எல்லாப் பழமும் உதிரும்வரை காத்திருக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஒரு குலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கள் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. வெளிப்பழங்கள் முந்திக்கொள்ளும், உள்பழங்கள் பிந்தும். உள்பழத்துக்காகக் காத்திருந்தால் வெளிப்பழம் உதிர்ந்து, விழும்போது நசுங்கும்.

நசுங்கினால் என்ன ஆகும்? எண்ணெயின் ஒரு மூலக்கூறு என்பது ஒரு கிளிசரோலும் மூன்று கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது. பழத்தின் சதையிலேயே லைபேஸ் என்னும் நொதியும் இருக்கிறது. நல்ல பழத்தில் இரண்டும் தனித்தனியே இருக்கும். செல்கள் உடைந்ததும் அவை கலந்துவிடும். உடனே லைபேஸ் எண்ணெயைப் பிளந்து, கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரித்துவிடும். இந்தத் தனிக் கொழுப்பு அமிலம் கூடக் கூட எண்ணெயின் தரம் குறையும். கச்சாச் செம்பனை எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வணிகத்தில் உள்ள பொதுவான வரம்பு.

ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? வேதியியல் பாடத்தில் நீங்கள் செய்யும் டைட்ரேஷன் மூலம்தான். சோடியம் ஹைட்ராக்சைடும் பினாப்தலினும் அங்கேயும் உண்டு!

வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்ப முயல்வதும் இதனால்தான். ஆலையில் முதல் வேலையாகக் குலைகளை அழுத்த நீராவியில் வேகவைப்பார்கள். நொதி ஒரு புரதம் அல்லவா? அந்தச் சூட்டில் லைபேஸ் செயலிழந்துவிடும்.

முந்தினால் எண்ணெய் குறைவு. பிந்தினால் தரம் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சில நாள்களைப் பிடிப்பதுதான் அறுவடைக்காரரின் திறமை.

இன்றா, அடுத்த சுற்றிலா?

அறுவடைக்காரர் ஒரே மரத்துக்குத் தினமும் வருவதில்லை. வழக்கமாக 10 முதல் 14 நாள்களுக்கு ஒருமுறைதான் அடுத்த சுற்று வரும். ஆகவே, அவர் முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இந்தக் குலை இன்று பழுத்திருக்கிறதா? இன்று விட்டுவிட்டால் அடுத்த சுற்றுவரை தாங்குமா? 2020, 2021-இல் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டு, தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. சுற்றுகள் நீண்டன, பழுத்த குலைகள் மரத்திலேயே வீணாயின.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் ஆலைகளில் குலையின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு எண்ணெய் கிடைக்கிறது. அதாவது 1,000 டன் குலைக்கு 200 டன் எண்ணெய். அது 19 விழுக்காடாக இறங்கினால் 10 டன் எண்ணெய் போய்விடும். நிலம் அதே, உரம் அதே, உழைப்பும் அதே. சில ஏக்கர் மட்டுமே வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு ஆலை தரும் விலையும் இதைப் பொறுத்தே அமையும்.

நீங்களும் தரம் பிரிக்கலாம்

ஆலைக்கு வரும் குலைகளைத் தரம் பிரிக்க மலேசியச் செம்பனை வாரியம் விதிகள் வகுத்துள்ளது. பழம் கழன்ற இடத்தில் தெரியும் புதிய குழிகளை எண்ணுவது அதில் முக்கியமானது.

• பழுக்காத குலை: கருமை அல்லது கருஊதா நிறம், புதிய குழி எதுவும் இல்லை.
• குறைவாகப் பழுத்தது: செந்நிற ஆரஞ்சு அல்லது ஊதா கலந்த சிவப்பு, 10-க்கும் குறைவான குழிகள்.
• பழுத்தது: செந்நிற ஆரஞ்சு; குறைந்தது 10 குழிகள்; பாதிக்கும் மேற்பட்ட பழங்கள் குலையிலேயே உள்ளன.
• மிகைப் பழுத்தது: கருஞ்சிவப்பு, பாதிக்கும் மேல் உதிர்ந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள். ஒரு குலை செந்நிற ஆரஞ்சாக இருக்கிறது. 6 குழிகள் தெரிகின்றன. அதை எந்தத் தரத்தில் சேர்ப்பீர்கள்? குறைவாகப் பழுத்தது என்று சொன்னால் சரி. நிறத்தை மட்டும் பார்த்தவர் அதைப் பழுத்தது என்றிருப்பார்.

அடுத்த முறை உங்கள் பேருந்து ஒரு குலை லாரிக்குப் பின்னால் நின்றால், இந்த நான்கு வகைகளில் எவை அதில் இருக்கின்றன என்று பாருங்கள். தோட்டத்துக்குள் தனியாகப் போய் மரத்தடியில் நிற்க வேண்டாம். முள் நிறைந்த மட்டையும் 20 கிலோ குலையும் சொல்லிவிட்டு விழுவதில்லை!