பைத்தியமும் கல்யாணமும்

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்றொரு பழமொழி நம் நாட்டில் வழங்குகின்றது. அவிழ்க்க வொண்ணாத சிக்கல் எதற்கும் இதனை எடுத்துச் சொல்லி நகைப்பது வழக்கம். ஆயினும், இதன் பிற்பாதியை நகைப்பாகக் கொள்ளாது மருந்தாகவே கொள்ளும் குடும்பங்கள் இன்றும் பல உள. அம்மருந்து ஆணுக்கு ஒருவகையாகவும் பெண்ணுக்கு வேறொரு வகையாகவும் பயன்படுகின்றது. அவ்வேற்றுமை எவ்வாறு உண்டாகின்றது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுப்படப் பேசுவதினும் ஓரூரை மனத்திற்கொண்டு பேசின் பொருள் தெளிவுறும். சென்னையினின்று வடக்கே கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், கும்மிடிப்பூண்டியை அடுத்து வருவது எளாவூர். ஆந்திர எல்லை அணித்தாகலின், ஆங்குத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும். கிழக்கே பழவேற்காட்டு ஏரி, அருகே நெல்வயல்கள், தெற்கே சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள். ஒரு தலைமுறைக்கு முன் வயலையன்றி வேறு வேலை அறியாத வீட்டுப் பெண்கள், இன்று படிப்புக்கும் வேலைக்கும் ரயிலேறிச் செல்கின்றனர். ஊரின் புறத்தோற்றம் இவ்வளவு மாறியும், பெண்ணின் வாழ்வு மணத்தினால்தான் நிறைவுறும் என்னும் எண்ணம் மாறிற்றில்லை. இஃது எளாவூருக்கே உரிய குறையன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர் எதற்கும், ஏன், நகரத் தெருக்கள் பலவற்றிற்கும் பொருந்தும்.

இனி நோயைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். உளநோய்களுள் கொடியதாகிய மனச்சிதைவு, உலகெங்கும் ஏறக்குறைய நூற்றுவருள் ஒருவரைத் தம் வாழ்நாளில் ஒருகால் பற்றுவதாகும். இல்லாத குரல் செவியிற் கேட்டல், பிறர் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்று உறுதியாக நம்புதல், உண்ணாமை, உறங்காமை, தன்னைப் பேணாது ஒதுங்கியிருத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். ஆடவர்க்கு இது பெரும்பாலும் இருபதாம் வயதை ஒட்டித் தோன்றும். பெண்டிர்க்குச் சில ஆண்டு பிந்தி, இருபதுக்கும் முப்பதுக்கும் இடையே தோன்றுதல் மிகுதி. மேலும், ஆயிரம் மகப்பேற்றுள் ஒன்றிரண்டில், குழந்தை பிறந்த சில வாரங்களுக்குள் தாய்க்குக் கடுமையான மனக்கலக்கம் உண்டாதலும் உண்டு. இக்கால அளவை நோக்குமின்! நம் நாட்டில் பெண்ணுக்கு மணம் பேசுவதும், மணமுடிப்பதும், அவள் தாயாவதும் இதே பத்தாண்டுக்குள் அன்றோ? ஆதலின், ஆணின் நோய் பெரும்பாலும் தாய் வீட்டில் வெளிப்படப் பெண்ணின் நோயோ பலகால் கணவன் வீட்டில் வெளிப்படுகின்றது. தன்னை ஈன்றெடுத்தவர் நடுவே நோயுறுதல் வேறு. தன்னை எடைபோட்டுக்கொண்டிருப்பவர் நடுவே நோயுறுதல் வேறு.

மணத்துக்கு முன்னரே நோய் தோன்றின் நிகழ்வது யாது? முதற்கண், பேய் பிடித்தது என்பர். இதனை வெறும் அறியாமை என்று தள்ளிவிடல் தகாது. மாமியார் முன்னும் கணவன் முன்னும் வாய்திறவாத பெண், பேய் ஏறியவிடத்து உரக்கப் பேசுகின்றாள். நீ யார், உனக்கு என்ன வேண்டும் என்று பூசாரி கேட்கின்றார். வீடு முழுதும் நின்று செவிகொடுக்கின்றது. பெண்ணின் சொல்லுக்கு இல்லாத மதிப்பு பேயின் சொல்லுக்கு உண்டாதலின், துயரம் அவ்வழியே வெளிவருகின்றது போலும். ஆயின் மனச்சிதைவு அவ்வளவில் தணிவதன்று. மருத்துவம் தொடங்கக் காலந்தாழ்க்குந்தோறும் குணமடைதலும் அரிதாகின்றது.

அடுத்து, மருத்துவரிடம் சென்று மாத்திரை உண்டு சற்றுத் தெளிந்தவுடன், நோயை மறைத்து மணம் முடிப்பர். புகுந்த வீட்டில் மாத்திரையைக் கண்டால் என்ன சொல்வரோ என்னும் அச்சத்தால், மணநாள் முதல் அதனை நிறுத்திவிடுவர். மருந்து நின்றது, உறக்கம் கெட்டது, புதிய வீட்டின் வேலையும் கவலையும் மேலே ஏறின, சில திங்களில் நோய் மீள்கின்றது. ‘எம்மை ஏமாற்றினீர்’ என்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைத் திருப்பி அனுப்புகின்றனர். பழமொழி கூறிய மருந்து நோயைத் தீர்க்காததோடு, வேறொரு நோயையும் கொடுத்துவிட்டது.

இஃது எம் ஊகமன்று. இந்தியாவின் முதற்பெண் உளமருத்துவர் எனப் பெயர்பெற்றவரும், 1978-இல் ஓய்வு பெறும்வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவருமாகிய டாக்டர் சாரதா மேனன், 1984-இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ‘ஸ்கார்ஃப்’ என வழங்கும் அந்நிறுவனத்தார் நோயாளிகள் பலரைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, 1997-இல் ஒரு முடிபை வெளியிட்டனர். நோயுற்ற ஆடவருள் மணமாகாதிருந்தவர் மிகுதி. நோயுற்ற மகளிருள் மணமாகி அது முறிந்தவர் மிகுதி என்பதே அது. டாக்டர் தாராவும் அவர்தம் குழுவினரும் மணமுறிந்த நோயாளிப் பெண்களையே தனியே ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிபு இன்னும் சிந்திக்கற்பாலது. உளநோய் என்னும் இழுக்கினும், கணவனால் நீக்கப்பட்டவள் என்னும் இழுக்கே அப்பெண்களையும் அவர்தம் பெற்றோரையும் மிகுதியாக வருத்திற்று. அவர்களுட் பெரும்பாலார் சட்டப்படி மணவிலக்குப் பெற்றவரல்லர், வெறுமனே கைவிடப்பட்டவர். பேணுபவரோ முதுமையடைந்த பெற்றோர். எமக்குப் பின் இவளுக்கு யார் என்பதே அம்முதியோரின் ஓயாத கவலை.

சட்டம் என் சொல்கின்றது? 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 1976-இல் திருத்தப்பட்டபின், உளநோயை மணவிலக்குக்கு ஒரு காரணமாக ஏற்கின்றது. ஆயினும், நோயின் பெயர் ஒன்றே போதாது. உடன் வாழ்தல் நியாயமாக எதிர்பார்க்க இயலாத அளவுக்கு நோய் கடிதாயிருத்தல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1988-இல் தெளிவாக்கியது. கணவன் மனைவி இருவரும் மருத்துவராயிருந்த ஒரு வழக்கில், மருந்தினால் அடக்கத்தக்க நோயைக் காட்டி மனைவியைத் துறத்தல் ஆகாது என்று 2013-இலும் தீர்ப்பளித்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடும்பத்தால் கைவிடப்பட்டவர் தம் வீட்டில் வாழும் உரிமையைப் பெறச் சட்ட உதவி அளித்தலை அரசின் கடமையாக்கியுள்ளது. சட்டம் நன்றே, ஆனால் கைவிடப்பட்ட பெண் வழக்குமன்றத்தின் படி ஏறுவதற்கு, உடன் செல்ல ஒருவர் வேண்டுமே!

உடன் செல்ல ஒருவருமின்றி வீட்டினின்றே நீங்கிவிடுவோரும் உளர். இருப்புப்பாதை ஊரைத் தலைநகரோடு இணைப்பதுபோலவே, வழிதவறியவரை ஊர்பேர் தெரியாத இடத்திற் கொண்டுசேர்க்கவும் வல்லது. இத்தகைய பெண்கள் சென்னை வீதிகளில் திரிவதைக் கண்டு பொறாது, வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இளம்பெண்கள் இருவர் 1993-இல் ‘பானியன்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். முகப்பேரிலுள்ள அவர்களது ‘அடைக்கலம்’ என்னும் இல்லத்தில் மருத்துவம் பெற்று வீடு திரும்பியோர் பலர். திரும்ப வீடில்லாதவர்க்கு, நால்வர் ஐவராய் ஊர்நடுவே சாதாரண வீட்டில் அயலாரோடு அயலாராய் வாழும் ஏற்பாட்டையும் 2015 முதல் நடத்திவருகின்றனர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் 28 பேர் தீயிலிறந்த கொடுமையை நினைப்பார்க்கு, சங்கிலிக்கும் இத்தகைய வீட்டிற்கும் இடையேயுள்ள தொலைவு விளங்கும்.

ஆகவே நாம் கொள்ளும் முடிபு இது: பெண்ணின் உளநோயில் ஒரு பாதி நோய், மறுபாதி நாம். முதற்பாதிக்கு மருந்துண்டு. அதனை மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும், கீழ்ப்பாக்கத்திலும் பெறலாம். 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கும். மறுபாதிக்கு மருந்து நம் நடத்தையே. நோயுற்றவளுக்கு மணத்தை மருந்தாக்காதிருத்தல். மணம் செய்வதாயின் அவள் ஒப்புதலோடு, நோயை மறையாது உரைத்துச் செய்தல். மணநாளிலும் மாத்திரையை நிறுத்தாதிருத்தல். கணவன் நோயுற்றால் மனைவியிடம் எதிர்பார்க்கும் பணிவிடையை, மனைவி நோயுற்றால் கணவனிடமும் எதிர்பார்த்தல். தெளிந்தவளுக்குத் தன் கையால் ஈட்டும் தொழிலொன்றை அமைத்துத் தருதல் ஆகிய இவை அரசாணையை எதிர்நோக்க வேண்டாதன.

நம் மாணவ மாணவியர் விரைவில் மணமக்களாகவும், பின்னர் பெற்றோராகவும், மாமன் மாமியராகவும் ஆவர். பழைய மாணவருட் பலர் இன்றே அந்நிலையினர். ‘எல்லாம் கல்யாணம் ஆனால் சரியாய்ப் போய்விடும்’ என்று கூடத்தில் ஒருவர் சொல்லும்பொழுது, அங்கிருந்து ‘முதலில் மருத்துவரைப் பார்ப்போம்’ என்று சொல்லத் துணியும் ஒருவர் போதும். ஒரு பெண்ணின் வாழ்வு பிழைக்கும். அவ்வொருவர் நம் கல்லூரியிற் பயின்றவராயிருத்தல் வேண்டுமென்பதே எம் விழைவு.