குருதி கூறும் சாட்சி

காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவானதோர் அடையாளம். மாரிகாலத்திலே பாடசாலை வாங்குகள் பாதி வெறுமையாகும்போது, வராத பிள்ளைகளின் பெற்றோர் அனுப்பும் கடிதங்கள் எல்லாவற்றிலும் அவ்வொரு சொல்லே இருக்கும். ஆனால் அச்சொல்லின் பின்னே நிற்கும் பகைவருள் இரு பெருங்குலத்தினர் உளர். ஒன்று பற்றீரியா, மற்றது வைரசு. பெனிசிலின் முதலாய நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் முன்னதை அழிக்கும். பின்னதைத் தீண்டவும் மாட்டா.

வந்திருப்பது எக்குலத்தது என்று அறிவதில்தான் இடர்ப்பாடு. இருமலும் தலையிடியும் உடல் நோவும் இரண்டுக்கும் உண்டு. குருதியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு ஓரிரு நாளாயினும் செல்லும்; வளர்ந்தே தீரும் என்ற உறுதியும் இல்லை. நோயாளியோ இன்றே மருந்து கேட்கிறார். ஐயமுள்ள இடத்திலே மருந்தைக் கொடுத்துவிடலாம் என்று வைத்தியர் எண்ணுவதும் இயல்பே. ஆயினும் தேவையின்றி மருந்து வழங்குந்தோறும் அதனை எதிர்த்து நிற்கவல்ல கிருமிகள் பெருக இடமுண்டாகின்றது. போதாத அளவில் பெனிசிலினை உட்கொள்வதால் இத்தகைய எதிர்ப்பு உருவாகும் என்று, அம்மருந்தைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945ஆம் ஆண்டில் நிகழ்த்திய நோபெல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்.

கிருமியைக் காண இயலாவிடின், கிருமியைக் கண்ட உடல் என்ன செய்தது என்று பார்க்கலாமன்றோ? இவ்வழி திறந்தது 1930ஆம் ஆண்டில். நியூயோர்க் நகரத்து ரொக்பெலர் நிறுவகத்தில் வில்லியம் தில்லெற், தோமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் நியூமோனியா நோயாளரின் குருதியை ஆராய்ந்தனர். அந்நோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த, 'சீ' எனக் குறிக்கப்பட்ட பொருளோடு நோயாளரின் குருதிநீரைச் சேர்த்தபோது வீழ்படிவு உண்டாயிற்று. நோய் தணிந்தபின் அவ்வியல்பு மறைந்தது. 'சீ'யோடு தாக்கம் புரியும் அப்புரதமே இன்று ஆய்வுகூடச் சீட்டுகளில் 'சீ. ஆர். பீ.' என்று நாம் காண்பது.

இதனை உண்டாக்குவது ஈரல். உடலில் அழற்சி தோன்றியதும் ஆறு மணி நேரமளவில் இது குருதியில் உயரத் தொடங்கும். இரண்டு நாளளவில் உச்சத்தை அடையும். தூண்டுதல் நின்றபின் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நலமுள்ளவரிடம் இலீற்றருக்குச் சில மில்லிகிராமே இருக்கும். கடும் பற்றீரியாத் தொற்றிலே 100ஐயும் கடக்கும். வைரசு நோய்களில் பெரும்பாலும் அவ்வளவு உயர்வதில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சையும், காயமும், மூட்டு வாதமுங்கூட இதனை உயர்த்தும். தீ எரிகிறது என்று மட்டும் இது சொல்லும். மூட்டியவர் பெயரைச் சொல்லாது.

இதனினும் நுட்பமான சாட்சி ஒன்றைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புரோகல்சிற்றோனின் என்பது அதன் பெயர். தைரொயிட்டுச் சுரப்பி ஆக்கும் கல்சிற்றோனின் என்ற ஓமோனின் முன்னோடிப் பொருள் அது. கடும் பற்றீரியாத் தொற்றின்போது உடலின் பல இழையங்களும் அதனை வெளிவிடுகின்றன. வைரசுத் தொற்றிலே உடல் சுரக்கும் இன்டர்பெரோன் அதனைத் தடுக்கின்றது. சுண்ணாம்புச் சத்தோடு தொடர்புடைய சுரப்பிக்கும் கிருமிப் போருக்கும் என்ன உறவோ என்று, கலைப்பட்டதாரியாகிய எனக்கு இன்றும் வியப்பே. வைரசுத் தொற்றில் உயரும் புரதங்களையும் சேர்த்தளக்கும் சோதனையொன்றுக்கு ஐக்கிய அமெரிக்கா 2021இல் அனுமதி அளித்தது.

இவற்றால் பயன் விளைந்ததா? வட வியட்நாமின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், சுவாசத் தொற்றோடு வந்தோருக்குச் சீ. ஆர். பீ. அளந்து மருத்துவம் செய்தபோது, நுண்ணுயிர்கொல்லி பெற்றோர் நூற்றுக்கு 78இலிருந்து 64ஆகக் குறைந்தனர் என 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. சுவிற்சர்லாந்திலும் 2009இல் புரோகல்சிற்றோனின் இத்தகைய நன்மையைத் தந்தது. ஆனால் 2018இல் வெளியான அமெரிக்க ஆய்விலே, 1,656 நோயாளரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எண்ணைக் கண்ட வைத்தியர் அதன்படி நடக்கத் துணிந்தாலன்றிச் சோதனை தானே எதனையும் மாற்றிவிடாது என்பது என் கருத்து.

நம் நாட்டிலே இவ்வினா உயிரோடு விளையாடுவது. டெங்கு வைரசினால் வருவது. எலிக்காய்ச்சல் பற்றீரியாவினால் வருவது. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; இரண்டிலும் குருதிச் சிறுதட்டுகள் குறையலாம். டெங்குக்கு நுண்ணுயிர்கொல்லி வீண்; எலிக்காய்ச்சலுக்கோ காலத்தில் கொடாவிடின் சிறுநீரகமே செயலிழக்கக்கூடும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் ஐயத்தோடு பதிவாயினர். சீ. ஆர். பீ. மிக உயர்ந்திருப்பின் ஐயம் பற்றீரியாப் பக்கம் சாயும். ஆனால் முதல் நாளிலே எடுத்த குருதியில் எண் சிறிதாயிருக்கலாம். ஆகையினாலே வைத்தியர் சீட்டைப் பார்ப்பதோடு நில்லாது, "அண்மையில் வயலில் இறங்கினீரா?" என்றும் கேட்கிறார், மறுநாள் மீண்டும் குருதி எடுக்கவும் சொல்கிறார்.