உடன்பிறந்தார் நிலம் விலைக்குப் போகும்போது

தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அன்றே அவர் நிலம் வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. கரம் கட்டுவது மூத்தவர், வீட்டில் குடியிருப்பது இளையவர் என்பதால் யாருடைய உரிமையும் கூடுவதில்லை, குறைவதில்லை. ஆகவே விலை பேசும் முன்பே அவகாசிகள் யார் யார், யாருக்கு எவ்வளவு என்பது தெளிவாகியிருக்க வேண்டும்.

பாறசாலையில் 30 சென்ட் புரையிடம், தாய், நான்கு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்துக் குடும்பமாக இருந்து, நிலம் தந்தையின் சொந்தச் சம்பாத்தியமானால், 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐவருக்கும் ஆளுக்கு 6 சென்ட். தந்தையைப் பெற்றவள் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ஆளுக்கு 5 ஆகும். கிறிஸ்தவக் குடும்பத்தில் தாய்க்கு மூன்றில் ஒன்று, அதாவது 10 சென்ட். பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5. இரண்டிலும் மகன், மகள் என்ற பேதம் இல்லை.

பெண்மக்கள் பங்கில்தான் பழைய நினைப்பு இன்னும் விடவில்லை. ‘ஸ்ரீதனம் கொடுத்து அனுப்பியாயிற்றே’ என்று சகோதரியை விட்டுவிட்டுப் பத்திரம் எழுதப் பார்ப்பார்கள். திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் (கொல்லம் 1092, அதாவது 1916) மகளுக்கு மகன் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதையே தந்தது. அந்தச் சட்டமே லத்தீன் கத்தோலிக்கரிலும், நெய்யாற்றின்கரை உள்ளிட்ட சில தாலுகாக்களின் புராட்டஸ்டண்டுகளிலும் ஆண், பெண் சமமாகப் பகிரும் வழக்கமுள்ளவர்களுக்கு விலக்கு அளித்தது என்பது இன்று பலர் மறந்த செய்தி. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று தீர்த்துவிட்டது. இந்துக்களின் பூர்விகச் சொத்தில், 2004 டிசம்பர் 20க்குப் பின் இறந்தவரின் மகளுக்கும் சமபங்கு உண்டென்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியது. சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுப்பதானாலும் வாய்ச்சொல் போதாது. ஒழிமுறி (விடுதலைப் பத்திரம்) எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அவரை ஒதுக்கி எழுதிய விற்பனை, அவருடைய பங்கைக் கட்டுப்படுத்தாது.

அடுத்தது காகிதங்கள். முன் ஆதாரம் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று பெற்று, வில்லேஜ் ஆபீசில் எல்லா அவகாசிகள் பெயருக்கும் போக்குவரவு செய்து, கரம் கட்டிய ரசீதும் வில்லங்கச் சான்றும் எடுக்க வேண்டும். போக்குவரவு வரி வசூலுக்கான பதிவு மட்டுமே; அதனால் உரிமை பிறப்பதில்லை.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு அப்பால் களியக்காவிளைப் பக்கமும் நிலமுள்ள பாறசாலைக் குடும்பத்துக்குத் தமிழகத்தில் பட்டா, கேரளத்தில் தண்டப்பேர். அந்தந்த இடத்துச் சார்பதிவாளரிடம் தனித்தனிப் பத்திரம் எழுதுவதே நல்லது. பாக வழக்கை மட்டும் இரண்டு நிலத்துக்கும் சேர்த்து ஏதாவது ஒரு பக்கத்து நீதிமன்றத்தில் போடலாம்.

எல்லோரும் ஒரே ஆதாரத்தில் கையெழுத்திட்டு முழு நிலத்தையும் விற்பதே லாபம். துண்டு போட்டால் ரோட்டோர சென்ட்டுக்கு ஒரு விலை, நடைவழி மட்டுமுள்ள பின்பக்கத்துக்கு வேறு விலை. வளைகுடாவில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் முக்தியார் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும். இந்துக் குடும்பத்தில் இறந்த சகோதரனின் பிள்ளை மைனராக இருந்து, பங்கு அவன் பெயருக்கு வந்திருந்தால், விற்க நீதிமன்ற அனுமதி தேவை.

ஒருவர் மட்டும் மறுத்தால் மற்றவர்கள் தங்கள் பிரிக்கப்படாத பங்கை விற்கலாம். ஆனால் ரோட்டோரத்தை அளந்து கொடுக்க அவர்களுக்கு உரிமையில்லை; வாங்குபவர் பாகம் கேட்டு வழக்காட நேரும். குடும்ப வீடானால் வெளியாள் உள்ளே வந்து கூடக் குடியிருக்கவும் முடியாது. பிரிக்க வசதியில்லாத நிலத்தை, பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால் விற்றுப் பணமாகப் பகிர 1893ஆம் ஆண்டுப் பாகச் சட்டம் இடம் தருகிறது. மறுப்பவர் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குக் கேட்டவர்களின் பங்கைத் தாமே வாங்கிக்கொள்ளவும் வழியுண்டு.

கேரளத்தில் விற்பனைக்கு முத்திரைத்தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழக்கமாக வாங்குபவர் கட்டுவார். மூலதன ஆதாய வரியை ஒவ்வொரு அவகாசியும் தம் பங்குக்குத் தனியாகக் கணக்கிட்டுச் செலுத்த வேண்டும்.