பருப்பு சீக்கிரம் வேகும் தண்ணீர்

வீடுதோறும் குழாய் நீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் 2024 கெடு 2028க்குத் தள்ளிப்போய்விட்டது. அதுவரை பலருக்குப் போர் தண்ணீர்தான். சித்தூர், திருப்பதி பக்கம் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: ஆய்வறிக்கையில் கால்சியம் ஃபுளோரைடு கனிமத்துக்கு எதிரே கழித்தல் குறி இருந்தால் நல்லதுதானே?

இல்லை. ஃப்ரீக்சி போன்ற கணினி மாதிரி அந்தக் கழித்தல் எண்ணில் சொல்வது, நீர் இன்னும் தெவிட்டவில்லை, ஃபுளோரைடு மேலும் கரைய இடமிருக்கிறது என்பதையே.

இதில் என்னை உறுத்துவது கால்சியத்தின் பங்கு. கால்சியம் நிறைந்த நீரில் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏறாது. இரண்டும் சேர்ந்து கல்லாகப் படிந்துவிடும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் இருந்தால், மற்ற உப்புகளை விட்டுப் போட்ட தோராயக் கணக்கில், ஃபுளோரைடின் உச்சம் சுமார் 2 மில்லிகிராம். கால்சியம் 10 ஆகக் குறைந்தால் உச்சம் 6. கருங்கல் பாறைக்குள் நீர் நெடுநாள் தங்கும்போது இதுதான் நடக்கிறது. கால்சியம் சுக்கான் கல்லாகப் படிகிறது, களிமண் அதை வாங்கிக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. பாறையிலிருந்து கசியும் ஃபுளோரைடுக்குத் தடை போய்விடுகிறது. அந்த நீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். நம் வீடுகளில் 'நல்ல தண்ணீர்' என்று அதைத்தான் தேடிப் பிடிக்கிறோம். பக்கத்து நெல்லூரில்தான் 1937இல் இந்தியாவில் முதன்முதலாக, ஃபுளோரைடு மிகுவதால் வரும் ஃபுளோரோசிஸ் நோய் பதிவானது.

'வரம்புக்குள்' என்ற அரசுச் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியத் தர நிர்ணயத்தில் ஃபுளோரைடின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், 1.5 என்பது வேறு நீரே கிடைக்காத இடத்துக்கான சலுகை. 1.4 உள்ள நீரை 'வரம்புக்குள்' என்பவர் சலுகையைத் தரமாக்குகிறார்.

கணினி மாதிரியை நம்பலாமா? உள்ளே போடும் எண் சரியென்றால். பாட்டிலில் பிடித்த நீர் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும். சுண்ணாம்பு படிவதாகக் கணினி தவறாகச் சொல்லும். பிஎச்சைக் கிணற்றடியிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகுமா? போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

ஆர்ஓ? ஃபுளோரைடின் பெரும்பகுதியை நீக்கும், தண்ணீரையும் வீணாக்கும்.

ஃப்ரீக்சிக்குக் கட்டணம்? இல்லை, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை இலவசமாகத் தருகிறது.

பக்கத்து வீட்டு போர் ஆய்வு போதுமா? போதாது, பாறை வெடிப்பு மாறினால் நீரும் மாறும்.